யாரு கொண்டாந்த பள்ளிக்கூடம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்க சார். எனக்கு இந்த ரோட்டுல பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, பார்த்த வரைக்கும் போதும். பள்ளிக்கூட ஸ்டாப்புலதானே ஏறுனீக? வாசல்ல மூணு கல்வெட்டு இருக்கே, படிச்சீகளா? படிக்கலையா. நல்லது பண்ணீக. மூணுலயும் இல்லாத ஒரு ஆளு இப்ப உங்க பக்கத்துல உக்காந்திருக்கான்.

சேவுகமூர்த்தின்னு பேரு. வேலாங்குறிச்சி கிளைச் செயலாளர். முன்னாள் கிளைச் செயலாளர். முன்னாள்னு சொல்ல நாக்கு இன்னும் பழகல, போன வாரத்துலேர்ந்துதான் முன்னாள். எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன் சார். பஸ்ஸுல நாலு பேரு இருப்பாக, எதுக்கு வம்பு. எங்க கட்சி, அவுக கட்சின்னு வச்சுக்கிறுவோம். கதை வெளங்குறதுக்கு அது போதும்.

நீங்க பார்த்தீகளே அந்தப் பள்ளிக்கூடம், அது முன்னாடி எட்டாவதோட சரி. எட்டு முடிச்சா ஆம்பளப் பய சைக்கிளை எடுத்துக்கிட்டு பக்கத்து ஊருக்குப் போயிருவான். பொம்பளப் புள்ளைக வீட்டோட. ஆடு மேய்க்க, தம்பி தங்கச்சியப் பார்க்க, அப்புறம் கல்யாணம். அதைப் பார்த்துத்தான் சார் நான் இறங்குனேன். மந்திரி வந்தா மனு, கலெக்டர் வந்தா மனு, எம்.எல்.ஏ. கருமாதி வீட்டுக்கு வந்தாலும் ஓரமா நின்னு மனு. என்னைக் கண்டாலே கார்க் கண்ணாடிய ஏத்திருவாக. வேலாங்குறிச்சிக்கு ஹைஸ்கூல் கொண்டாந்தது யாருன்னு ஊருல எந்தப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். சொல்லும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அங்க ரஞ்சிதம்னு ஒரு ஹெச்.எம். டீச்சர் இருந்தாக. அந்தம்மா பாட்டுக்கு வெயில்ல வீடு வீடாப் போயி புள்ளைகளச் சேத்துக்கிட்டு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுக்கிட்டு இருந்தாக. ஹைஸ்கூல் ஆக்கணும்னா இத்தனை புள்ளைக இருக்கணும், இத்தனை இடம் இருக்கணும்னு கணக்கு உண்டாம். அது அவுக உத்தியோகம், செய்யத்தான செய்யணும். ஆனா அரசியல் இல்லாம அரசாணை வருமா சார்? டீச்சரம்மா பத்து வருஷம் எழுதுனாலும் ஃபைல் நகராது. நான் ஒன்றியத்தைப் பிடிச்சேன், ஒன்றியம் மாவட்டத்தைப் பிடிச்சாக, நகர்ந்துச்சு. ஒன்றியம்னா ஒன்றியச் செயலாளர். கட்சியில நாங்க ஆளையே அப்படித்தான் சொல்லுவோம்.

இடம் வேணும்னாக. கொடுத்தேன். ரோட்டு மேல எங்கப்பன் வச்சிட்டுப் போன மானாவாரிக் காடு, இன்னைக்கு பிளாட்டுப் போட்டா நான் பஸ்ஸுல போவேனா? யோசிக்கல சார். கட்சி சொல்லுச்சு, ஊருக்கு நல்லதுன்னு கொடுத்தேன்.

அரசாணை வந்துச்சு. வெடி வெடிச்சோம், முட்டாய் கொடுத்தோம். மந்திரி வந்து அடிக்கல் நாட்டுனாக. அந்தக் கல்லுல எம்பேரைப் போடணும்னு ஒன்றியத்துக்கிட்ட சொன்னேன். "மேல இருக்கிற பேருக்கே இடம் பத்தலண்ணே, திறப்பு விழாக் கல்லுல போட்டுக்கிருவோம்"னாரு. சரின்னேன். மேல இருக்கிறவுகளுக்கு விட்டுக் கொடுத்தாத்தான கட்சி. ஆனா அந்தக் கல்லு வச்ச சிமெண்டு காயல சார், தேர்தல் தேதி அறிவிச்சுட்டாக. நடத்தை விதியாம். ஆபீஸர் வந்து கல்லுல சாக்கைப் போட்டு மூடிட்டுப் போனாரு. அந்தச் சாக்கை அவுக்கிறதுக்குள்ள எங்க ஆட்சியே போயிருச்சு.

இப்ப வருது பாருங்க ஆதிமூலம். எங்க ஊருல அவுக கட்சிக்குக் கிளைச் செயலாளர். எனக்கு வேத்தாளு இல்ல சார், என் ஒரே தங்கச்சி பொன்னழகு புருஷன். மாப்ள மாப்ளன்னு ஒரே வண்டியில சந்தைக்குப் போய் வந்த ஆளுக நாங்க. கட்சி வேறன்னாலும் வீட்டுல அதைப் பேசிக்கிற மாட்டோம்.

கட்டடத்தை அவுக ஆட்சியில கட்டுனாக. கட்டத்தான வேணும், அரசாணை போட்டுட்டோம்ல. கட்டி முடிச்சதும் மாப்ள வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறான். புதுசா ஒரு கல்லு. 'எங்கள் பொற்கால ஆட்சியில்'னு. மைக்கைப் பிடிச்சு, காகிதத்துல பள்ளிக்கூடம் கட்டுனது யாரு, கல்லுல கட்டுனது யாருன்னு கேக்குறான். என் காட்டுல நின்னுக்கிட்டு கேக்குறான் சார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நாங்க சும்மா விடுவோமா. எங்க கல்லை மறைச்சு அவுக கல்லு நிக்கக் கூடாதுன்னோம். அவுக எங்க கல்லைப் பிடுங்கணும்னாக. தள்ளுமுள்ளாகி, ரெண்டு பேருக்குச் சட்டை கிழிஞ்சு, போலீஸ் வந்து, பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாதுன்னு தாசில்தார் கேட்டைப் பூட்டிட்டாரு. பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு. எந்தக் கல்லு முன்னால, எது பின்னால, எது ஒசரம்னு. அந்த மழைக்காலம் பூராம் ஒம்பதாங் கிளாஸ் புள்ளைக ரேஷன் கடைத் தாழ்வாரத்துல உக்காந்துதான் படிச்சுச்சுக. அதுவும் ஒரு தியாகந்தான் சார். கொள்கைன்னு வந்துட்டா எல்லாருந்தான் கஷ்டப்படணும். எம்பையனா? அவன் தேவகோட்டையில இங்கிலீஷ் மீடியம். அது அவன் ஆத்தா ஆசைப்பட்டா, அது வேற விஷயம்.

பொன்னழகு மக கண்ணாத்தா அந்த ஒம்பதாங் கிளாஸ்லதான் இருந்துச்சு. ரேஷன் கடையில உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கையிலதான் பெரிய மனுசியும் ஆச்சு. சடங்கு வச்சாக.

சார் எந்தப் பக்கம்? மெட்ராஸா. அப்ப உங்களுக்கு எங்க பக்கத்து மொறை எம்புட்டுத் தெரியுமோ தெரியல. சடங்குக்குத் தாய்மாமன்தான் சார் எல்லாம். தாய்மாமன் தட்டு வரணும். அவன் எடுத்த பட்டுச் சேலையக் கட்டி, அவன் மாலையப் போட்டுத்தான் புள்ளையச் சபையில உக்கார வைப்பாக. ஊரே கூடியிருந்தாலும் மாமன் வரலைன்னா பந்தல்ல ஒரு வேலை நகராது. எனக்கு இருக்கிறது ஒரு தங்கச்சி, அவளுக்கு இருக்கிறது ஒரு மக. எம் பொஞ்சாதி காரைக்குடிக்குப் போயி பட்டெல்லாம் எடுத்துட்டு வந்துட்டா.

ஒன்றியம் கூப்பிட்டு விட்டாரு. "ஏண்ணே, கேட்டுல சட்டை கிழிஞ்சு நின்ன பயலுக ரத்தம் இன்னும் காயல, நீங்க எதிரி வீட்டுக்குத் தட்டு தூக்கிட்டுப் போறீகளாமே. தொண்டன் என்ன நெனப்பான்? போறதுன்னா பதவியக் கழட்டி வச்சுட்டுப் போங்க"ன்னாரு. அவரு சொல்றதும் நியாயந்தானே சார். குடும்பம் வேற, கட்சி வேறன்னு இருந்தா எப்படி கட்சி வளரும்?

அன்னைக்குச் சாயங்காலம் பொன்னழகே வந்தா. வாசல்லயே நின்னா. "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் அந்தக் கல்லைக் கட்டிக்கிட்டு அழுங்க. எம்புள்ளைக்கு மாமன் மாலை வேணும், வந்துரு"ன்னா. நான் வெட்டிப் பேசல சார். தன்மையாத்தான் சொன்னேன். "ஆத்தா, உம் புருஷனக் கல்லை எடுக்கச் சொல்லு. எடுத்த மறு நிமிஷம் மேளத்தோட வர்றேன்"னேன். வெறும் கல்லுதானே, அவன் எடுத்திருக்கலாம்ல? சொந்த மக சடங்கை விட அவனுக்குக் கட்சி பெருசாப் போச்சு. அப்படிப்பட்ட ஆளு.

அவன் எடுக்கல. நான் போகல. யாரோ ஒன்னு விட்ட பங்காளியக் கூப்பிட்டு மாலையப் போட வச்சாகளாம். ரேடியோ செட்டு சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. எம் பொஞ்சாதி ரெண்டு நாள் சோறு பொங்கல. பொன்னழகு அன்னையிலேர்ந்து எங்கிட்ட பேசல. எதிர்ல வந்தா முந்தானைய இழுத்துவிட்டுக்கிட்டு மறுபக்கம் போயிருவா. கட்சிக்காக நான் என்னத்தையெல்லாம் விட்டேன்னு இப்பப் புரியுதா சார்? கூடப் பொறந்தவளையே விட்டேன்.

ஊருக்குப் பெரிய மனுசங்க கூடி, ரெண்டு கல்லும் வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே ஒசரத்துல இருக்கட்டும்னு முடிச்சாக. கேட்டைத் தெறந்தாக. மொத செட்டு பத்தாவது பரீட்சை எழுதுச்சு. ஒரு புள்ளை விடாம பாஸு. ஜில்லா பூராம் எங்க ஊரு பேரு. அன்னைக்கு எங்க ஊருல கட்டுன பேனர எண்ணி முடியாது. அவுக, எங்க ஆட்சியின் சாதனைன்னு போட்டாக. நாங்க, எங்க அரசாணையின் சாதனைன்னு போட்டோம். கண்ணாத்தாதான் பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு. அந்தப் பேரை எங்க பேனர்ல போட்டா ஆதிமூலத்துக்குல்ல பெருமை போயிரும்? அதனால 'முதலிடம் பெற்ற மாணவி'ன்னு மட்டும் போட்டு, எங்க தலைவர் படத்தைப் பெருசாப் போட்டோம். அந்த யோசனை என்னோடதுதான். ஒன்றியம் முதுகுல தட்டிக் கொடுத்தாரு.

அடுத்த வருஷம் கணக்கு வாத்தியார் மாத்தலாகிப் போயிட்டாரு, பாதிக்குப் பாதி ஃபெயிலு. உடனே நாங்க, கல்வியைச் சீரழித்த ஆட்சியேன்னு போஸ்டர் ஒட்டுனோம். அவுக, அஸ்திவாரமே முந்தின ஆட்சியில கோணல்னாக. பாஸானா எங்களால, ஃபெயிலானா உங்களால. ரெண்டு பக்கமும் அதே பேச்சுதான், ஆளு மட்டும் மாறி மாறிப் பேசுவோம். என்ன கேட்டீக? கணக்கு வாத்தியாரப் போடச் சொல்லி யாராச்சும் கேட்டீகளான்னா? கேட்டிருப்போம் சார். போஸ்டர்ல இருந்துச்சுன்னு நெனைக்கிறேன். ரஞ்சிதம் டீச்சர்தான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் சாயங்காலம் கணக்கு எடுத்தாகன்னு சொல்லுவாக.

அப்புறம் எங்க ஆட்சி திரும்ப வந்துச்சு. வந்ததும் நான் மொத வேலையா ஒன்றியத்துக்கிட்டப் போயி, ப்ளஸ் டூ வரைக்கும் கேளுங்கன்னேன். பொய் சொல்லல, ப்ளஸ் டூ வந்தா புதுக் கல்லு வரும்னும் நெனச்சேன். நெனைக்கக் கூடாதா? ஒரு மனுசன் இத்தனை வருஷம் கொடி கட்டி, மைக்கு கட்டி, தங்கச்சிய விட்டு, காட்டை விட்டு நின்னதுக்கு ஒரு கல்லுல ஒரு வரி கேக்கக் கூடாதா?

ப்ளஸ் டூவும் வந்துச்சு. போன மாசம் விழா. நான் விடியக் கருக்கல்லயே எந்திரிச்சு, கரை வேட்டியத் தேய்ச்சுக் கட்டிக்கிட்டுப் போறேன். வாசல்ல பேனரு. 'கல்விக் காவலர் ஆதிமூலம் அவர்களை வரவேற்கிறோம்.' நான் வேற ஊருக்கு வந்துட்டேனான்னு பார்த்தேன். கொடி எங்க கொடி, தலைவர் எங்க தலைவரு, கும்பிட்டுக்கிட்டு நிக்கிறது எங்க மாப்ள. ராத்திரியோட ராத்திரியா மாவட்டத்து வீட்டுக்குப் போயி எங்க கட்சியில சேந்துட்டானாம். கிளைச் செயலாளர் எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லணும்னு ஒருத்தனுக்கும் தோணல.

மேடையில அவனுக்கு மெத்தை வச்ச சேரு. எனக்குக் கீழ, பந்தல்காலு மறைக்கிற எடத்துல பிளாஸ்டிக் சேரு. ஒன்றியம் எந்திரிச்சுப் பேசுறாரு. மாற்று முகாமில் இருந்த காலத்திலும் இந்தப் பள்ளிக்காகக் கட்சி எல்லையைத் தாண்டிப் பாடுபட்டவர் நம் ஆதிமூலம்கிறாரு. கட்சி எல்லையத் தாண்டி எங்க பயலுக சட்டையக் கிழிச்சவன் சார் அவன். ஊரே கை தட்டுது. கூட உக்காந்திருந்த எங்க கட்சிப் பயலுகளும் தட்டுறானுக. நானும் ரெண்டு தட்டுத் தட்டிட்டேன், என்னமோ பழக்கத்துல. அப்புறம் மந்திரி திரையை விலக்குறாக. கல்லுல 'முன்னிலை'ன்னு போட்டு அவன் பேரு. தங்க நிறத்துல வெட்டியிருக்கு. மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சேன், திரும்பப் படிச்சேன். எம்பேரு இல்ல.

விழா முடிஞ்சு ஒன்றியத்தைக் கார்ல ஏறவிடாம மறிச்சேன். "என்னய்யா இது"ன்னேன். மொதத் தடவையா அவர 'யா' போட்டுப் பேசுனேன். அவரு என் தோள்ல கையப் போட்டாரு சார். "ஏண்ணே பழசைக் கிளறுறீக. அவரு யாரு, உங்க மாப்ள தானே. அவர் பேரு இருந்தா என்ன, உங்க பேரு இருந்தா என்ன, எல்லாம் ஒரே குடும்பந்தானே"ன்னாரு.

குடும்பமாம். எதிரி வீட்டுக்குத் தட்டுத் தூக்குறியான்னு கேட்ட அதே வாயி சார். அந்த ஆளு பேச்சைக் கேட்டு நான் பொறந்த வீட்டு மொறைய விட்டேன், இவன் இன்னைக்கு எனக்குக் குடும்பம்னா என்னன்னு சொல்லிக் கொடுக்கிறான். நம்ப வச்சுக் கழுத்தை அறுக்கிறதுன்னா இதுதான். அழுகை வந்துச்சு, சொல்றதுக்கென்ன. பள்ளிக்கூடத்துப் பின்னாடி போயி, தண்ணித் தொட்டியில மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்தேன்.

நான் ரோஷக்காரன் சார். போன வாரம் கட்சிக் கார்டைத் தூக்கி எறிஞ்சேன். அவுக கட்சி மாவட்டத்துக்கு ஆள் விட்டேன். "வாங்க, உங்களை மாதிரி உழைச்ச ஆளத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்"னாக. இன்னைக்கு இணைப்பு விழா, சிவகங்கையில. அதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன். யோசிச்சுப் பார்த்தா கட்டடத்தைக் கட்டுனது அவுகதானே சார்? காகிதத்துல யாரு வேணா பள்ளிக்கூடம் கட்டலாம். கல்லும் மண்ணும் சுமந்து கட்டுறதுல்ல பெருசு. நான் நியாயத்தைப் பேசுறவன்.

இதுல ஒண்ணு பாருங்க. நான் கார்டை எறிஞ்ச மறு நாள் பொன்னழகு வந்தா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம். தலையில நரை விழுந்துருச்சு அவளுக்கு, கிட்டப் பார்த்தப்பதான் தெரிஞ்சுச்சு. இந்தத் தடவை உள்ள வந்து உக்காந்தா. எம் பொஞ்சாதி கையப் பிடிச்சுக்கிட்டா. கண்ணாத்தா காலேஜெல்லாம் முடிச்சுருச்சு, கல்யாணம் வச்சிருக்காக. "அண்ணே, இப்ப நீயும் அவரும் ஒரே கட்சின்னு சொன்னாக. இனிமே தடை ஒண்ணும் இல்லையே. இப்பவாச்சும் வந்து மாமனா நில்லு. எம்புள்ள கேட்டுச்சு, மாமா வருவாகளான்னு"ங்கிறா.

நான் என்ன செய்யிறது? இருக்கிறதைத்தானே சொல்ல முடியும். "ஆத்தா, நான் நேத்துத்தான் அந்தக் கட்சிய விட்டேன். கல்யாணத்தன்னைக்குத்தான் எனக்கு இணைப்பு விழா. நாள் அவுக குறிச்சது"ன்னேன். எம் பொஞ்சாதி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. பொன்னழகு என்னையப் பார்த்துச் சிரிச்சா சார். அழுதிருந்தாலும், மண்ணை வாரித் தூத்தியிருந்தாலும் தாங்கியிருப்பேன். சிரிக்கிறா. சிரிச்சு முடிச்சுட்டு, "அண்ணே, அந்தக் காட்டுல எம்பாதியையும் சேத்து எழுதிக் கொடுத்தேன்ல, ஞாபகம் இருக்கா?"ன்னா.

நான் அதைச் சொல்லலையா சார்? பாதி அவளோடதுதான். அப்பன் சொத்துல பொம்பளப் புள்ளைக்கும் சரி பங்கு உண்டுல்ல, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அவ கையெழுத்தும் வேணும்னாக. கூட்டிட்டுப் போனேன், போட்டா. மாப்ளைக்குத் தெரிஞ்சா விட மாட்டான்னு கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்து போட்டா. அதெல்லாம் ஒப்புக்குப் போடுறதுதானே. அதைப் போயி இப்பக் கேக்குறா.

"இருக்கு, அதுக்கென்ன இப்ப"ன்னேன்.

"அதை நான் பள்ளிக்கூடத்துக்குன்னு போடலண்ணே. நீ கேட்டேன்னு போட்டேன்"னா. அம்புட்டுத்தான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

பார்த்தீகளா சார். இத்தனை வருஷம் வாயைத் தெறக்காம இருந்துட்டு, நான் கட்சியிலயும் இல்லாம கல்லுலயும் இல்லாம நிக்கிற நேரமாப் பார்த்து வந்து, இடத்துல எனக்கும் பங்கு இருக்குங்கிறா. அவளுக்கும் பேரு வேணும் போல. ஒன்றியம் குத்துனான், சரி, அவன் வந்தேறிப் பய. மாப்ள குத்துனான், அவன் அடுத்த வீட்டு ரத்தம். கூடப் பொறந்தவ, நான் தூக்கி வளத்தவ, அவளும் சேந்துக்கிட்டா யாருகிட்டப் போயி சொல்றது?

முகூர்த்தம் முடிஞ்சிருக்கும் இந்நேரம். எம் பொஞ்சாதி காலையிலயே அன்னைக்குச் சடங்குக்கு எடுத்த அந்தப் பழைய பட்டை எடுத்துக்கிட்டு அங்க போயிட்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

சிவகங்கை வந்துருச்சு. மேடையில ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காக. நேத்து ராவெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியா வருது, ஒரு எடத்துல மட்டும் நாக்கு இடறுது. நீங்க படிச்சவுக, ஊருக்கு வேத்தாளு, பொதுவாச் சொல்லுங்க. வேலாங்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தது நான் ஒருத்தன்தான்னு சொன்னா தப்பில்லைல சார்?